கோதை எழுப்பிய குரல்

மின்சாரம் போய்வந்ததும் வீட்டு சர்வர் கணினி மறுபடி இயங்கியது. அதில் ஓடிக்கொண்டிருந்த, இறந்துபோன தெய்வாத்தாளைப் போலவே பேசிப் பதில் சொல்லும் செயலியின் குரல் மட்டும் வரவில்லை. கணவர் பழனியப்பன் நான்கு நாள் பெட்டியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, சர்வீஸ்காரன் நசீரை அழைத்தார்.

நசீர் சர்வரில் இருந்த பதிவுகளைப் புரட்டினான். "தானா ஸ்டார்ட் ஆகற மாதிரி யாரும் செட் பண்ணவே இல்லைங்க. ஒவ்வொரு தடவை கரண்ட் வந்ததும் கோதைன்னு ஒருத்தங்கதான் கையால ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க."

"எம்பட புள்ள தம்பி. போன மாசம் தவறிட்டா."

நசீர் கீபோர்டில் ஒரு கட்டளை வரியை அடித்தான். இனி அது தானாகவே தொடங்கும். குரல் வந்தது.

"ஏனுங்க, கோதை எங்கீங்க? எப்பவும் அவதானே என்னை எழுப்புவா?"

பழனியப்பன் நசீரின் கையைப் பிடித்தார்.

"பழையபடியே நிறுத்தி வெச்சிருங்க தம்பி. புள்ள போனது அவ அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."