நரியாரின் பனிக்காட்டுக் கிளை

வேர்க்கடலை வியாபாரத்தில் கொழித்த வெயில்காட்டு நரியார், மலைக்கு அந்தப் பக்கம் பனிக்காட்டிலும் ஒரு கிளை திறந்தார். கிடங்கைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்க் கரடி ஒன்றை வேலைக்கு வைத்தார். ஆள் வாட்டசாட்டம், சம்பளமோ சொற்பம். நரியாருக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் பனி விழுந்ததும் கரடி குகைக்குள் போய்ப் படுத்துவிட்டது. நரியார் தொழிலாளர் அதிகாரியான கலைமானிடம் ஓடினார்.

"இந்த மண்ணில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் குளிர்காலத்தில் நாலு மாதம் சம்பளத்தோடு தூக்கம். நானும் படுக்கத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று கொட்டாவி விட்டது கலைமான். "இந்தச் சட்டத்தைக் கிடங்கு வாசலில் ஒட்டிவையுங்கள். அதுவும் சட்டம்தான்."

"எங்கள் காட்டில் இப்படியெல்லாம் கிடையாது."

"உங்களைப் பார்த்தாலே தெரிகிறது."

நரியாரா அசருகிற ஆள்? ஊரிலிருந்து தன் கழுதையை வரவழைத்தார். பன்னிரண்டு வருஷமாக ஒருநாள்கூட லீவு கேட்காத உத்தமக் கழுதை. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே அதற்குத் தெரியாது. சட்டத்தையும் வாசலில் ஒட்டினார். கழுதை எப்படியும் தாளைத் தின்றுவிடும் என்ற தைரியம்தான்.

மறுவாரம் மேற்பார்வைக்கு வந்தார். கிடங்கு பூட்டிக் கிடந்தது. வாசலில் தாள் மட்டும் ஓரம்கூடக் கடிபடாமல் அப்படியே இருந்தது.

நரியார் குகைக்கு ஓடிக் கதவைத் தள்ளினார். கரடியின் பக்கத்தில் படுத்திருந்த கழுதை ஒற்றைக் கண்ணைத் திறந்தது.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க முதலாளி. குளிருது."