கீரிக் குடும்பம், இரண்டாம் பாகம்

“முடிவ எதுக்குங்க சொன்னீங்க? யாருங்க உங்களக் கேட்டா?”

அவன் கத்திய கத்தலில் நான் குழாயை மூடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

“உங்க பொண்ணுதான் கேட்டா,” என்றாள் டியூஷன் டீச்சர்.

“கேட்டா சொல்லிருவீங்களா? ஒம்பது வயசுப் புள்ளைங்க அது!”

சண்டை ஒரு கீரிப்பிள்ளையைப் பற்றி.

எங்கள் காம்பவுண்டில் ஏழு குடித்தனம். அவனும் மகளும் மாடிப் போர்ஷன். டீச்சர் கீழே, என் எதிர்வீடு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு படிக்கட்டுதான் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

முதல் பாகம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பொம்மைப் படம். அப்பா கீரி, அம்மா கீரி, குட்டிக் கீரி. கடைசியில் அம்மா கீரி ஒரு கூட்ஸ் வண்டியில் ஏறுகிறது. வண்டி கிளம்பிவிடுகிறது. மீதி அடுத்த பாகத்தில் என்று விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மறு மாதம் அவன் மனைவி நாகர்கோவிலுக்குப் போனாள். தாய்வீடு. பத்து நாள் என்று சொல்லிவிட்டு.

“அம்மா கீரி திரும்பி வருமாப்பா?” என்று மகள் தன்ஷிகா கேட்பாள்.

“ரெண்டாம் பாகம் வரட்டும். கண்டிப்பா வந்துரும்.”

கீரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நாங்களும் முகத்தை வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டாம் பாகம் வந்துவிட்டது. டீச்சர் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டாள். தனியாக. முப்பத்தைந்து வயதில், பொம்மைப் படத்துக்கு. காம்பவுண்டுப் பேச்சுக்கு அதுவே இரண்டு நாள் தாங்கியது.

வந்தவள் பிள்ளையிடம் சொல்லிவிட்டாள்.

வராது.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவனுக்குப் போனில் டிக்கெட் போட்டுக் கொடுத்தது என் மகன்தான். மூன்று டிக்கெட். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

மூன்றாவது டீச்சருக்கு என்றுதான் நினைத்திருந்தோம். அந்த நினைப்பில் இந்தச் சண்டை மண்ணைப் போட்டது.

அப்படியானால் யாருக்கு?

பின்வரிசையில் எனக்கும் ஒன்று போடச் சொன்னேன். கீரிமேல் எனக்கென்ன ஆசை.

தியேட்டரில் எனக்கு முன்னால் அவன். ஒரு காலி நாற்காலி. மகள்.

காலி நாற்காலியில் ஒரு பாப்கார்ன் பொட்டலம் காத்திருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அவன் திரும்பினான். ஒருமுறை எழுந்தே நின்றான். வந்தது பப்ஸ் விற்கிறவர்.

அப்போதுதான் புரிந்தது. நாகர்கோவிலுக்கும் ஒரு டிக்கெட் போயிருக்கிறது.

எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று வெளியே எழுதியிருந்தார்கள். பார்த்தார்கள். ஆனால் ஒரே படத்தை இல்லை.

அப்பா கீரி மாவுப் பானைக்குள் விழுந்ததற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். மாவு காய்ந்த மீசையோடு அது ஒற்றை ஆளாய்க் குட்டிக்குத் தலை வாரிவிட்டது. அதற்குப் பெண்கள் சிரித்தார்கள். அவன் எதற்கும் சிரிக்கவில்லை.

தண்டவாளத்தோடு நடந்து நடந்து கடைசியில் அம்மாவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஏதோ ஓர் ஊர்ப் பூந்தோட்டம். அம்மா கீரி இளைத்திருக்கவில்லை. பயந்திருக்கவில்லை. குட்டியைக் கட்டிக்கொள்கிறது. பிறகு வேலிவரை வந்து வழியனுப்புகிறது.

அவ்வளவுதான்.

அரங்கில் கைக்குழந்தை ஒன்று மட்டும் கக்கக்கவென்று சிரித்தது. அம்மா கீரியின் மூக்கில் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது.

தன்ஷிகா பாப்கார்னைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நடு நாற்காலிக்கு நகர்ந்தாள். சட்டைப் பையிலிருந்து கர்சீப்பை எடுத்தாள். நான்காய் மடித்தது.

தன் கண்ணுக்கு இல்லை.

வெளியே அவன் வண்டி எடுக்கப் போனபோது பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

“முடிவுதான் தெரியுமேடி. அப்புறம் எதுக்கு வந்த?”

“டீச்சர நான்தான் முதல்ல போய்ப் பாக்கச் சொன்னேன், ஆன்ட்டி. அப்பா தாங்குவாரான்னு தெரியணும்ல?”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“கர்சீப் எடுத்துட்டுப் போன்னாங்க.”

டீச்சருக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. நாங்கள் முடிவு செய்து வைத்திருந்த மாப்பிள்ளையோடு இல்லை. விழுப்புரத்துக்காரர், கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை. அதற்கும் சிரித்துக்கொண்டோம்.

ஆனியில் அவன் கரூருக்குக் குடிபோனான். சாமான் ஏறியது. வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தான். யாராவது வந்து கேட்டால் என்று ஏதாவது சொல்வான் என எல்லோரும் வாசலில் நின்றோம். அவன் முகம் தெளிவாக இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகச் சொல்லித் தன்ஷிகா திரும்பி ஓடி வந்தாள்.

என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து விரல்களை மூடினாள். கரூர் முகவரி. உருண்டை உருண்டையான எழுத்து.

“யாராச்சும் வந்து கேட்டா குடுங்க, ஆன்ட்டி. அப்பாட்ட சொல்லிராதீங்க.”

அவனிடம் சொல்லவில்லை. காம்பவுண்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

கேட் சத்தம் கேட்டால் இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். இவளுக்கு இந்தப் புத்தி போகாது என்கிறார்கள்.