வெண்ணெய்ப் பீப்பாய்

"வெண்ணெய்தானே இது? உங்க மாடு என்ன, கல்லா தின்னுது?" என்று கேட்டுக்கொண்டே படகில் வேலை செய்யும் லாக்லன் பீப்பாயைத் தோளிலிருந்து படகுக்குள் இறக்கினான்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள் ஓய்ரிக். அவன் மறுபடி தொடுவதற்குள் அதைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொண்டாள்.

உள்ளே வெண்ணெய் இல்லை. அவள் கணவர் பத்தொன்பது வருடம் சேர்த்த கேலிக் மொழி அகராதி, மெழுகுத்துணியில் சுற்றியபடி இருந்தது. எண்ணூறு தாள், வேறு பிரதி கிடையாது. அவர் இறந்து ஏழு வாரமாகிறது. லாக்மாடி துறையில் நண்பகல் நீராவிக்கப்பலைப் பிடித்தால் அது எடின்பரோ அச்சகத்துக்குப் போய்ச் சேரும். தவறினால் அச்சகக்காரர்கள் வேறு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள்.

அகராதியை எழுதிய அவள் கணவர் தீவின் போதகர் என்பதுதான் சங்கடம். மீனவர் நம்பிக்கைப்படி போதகர் மீன்படகில் ஏறக் கூடாது, அவர் பொருள் ஏறக் கூடாது, கடலில் அந்தச் சொல்லை உச்சரிக்கவும் கூடாது; கறுப்புக் கோட்டுக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துத் தீவில் ஒரு போதகரின் தொப்பிப் பெட்டியை நடுக்கடலில் வீசிவிட்டுத்தான் மேலே போனார்களாம். ஓய்ரிக்கை ஏற்றிக்கொண்டதுகூட, "புருஷன் போனப்புறம் அவங்க வெறும் விதவைதானே" என்று படகின் தலைவர் ஊஷ்டன் தீர்ப்புச் சொன்ன பிறகுதான்.

அந்த ஊஷ்டனிடம்தான் அவளுக்குப் பயம். கடல் கட்டுப்பாட்டில் அவர் இம்மியும் பிசகாதவர் என்று ஊரே சொல்லும்.

பாதி தூரத்தில் ஒரு பெரிய மீன் துள்ளி விழுந்தது. "அண்ணே, அங்க பாருங்க, சால்மன்..."

"வாயை மூடு. இரும்பைத் தொடு," என்றார் ஊஷ்டன். ஆகாத சொல்லின் தோஷம் கழிய லாக்லன் அவசரமாக நங்கூரத்தைத் தொட்டான். "சிவப்பு மீன்னு சொல்லு. சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு, உனக்கு இன்னும் கரை நாக்கு போகல."

சிவப்பு மீன். கடலில் மட்டும் புழங்கும் மாற்றுப் பெயர்; கரையில் எந்த மீனவனும் வாய் திறந்து சொல்லாத சொல். இரண்டு மாதம் முன்பு, கணவரின் குறிப்பைப் பார்த்து ஓய்ரிக் தன் கையாலேயே அதை அகராதித் தாளில் எழுதியிருந்தாள். மற்ற எல்லாச் சொல்லுக்கும் எதிரே, அதைச் சொன்னவரின் பெயரையும் ஊரையும் கணவர் குறித்திருந்தார். இப்படிப்பட்ட கடல் சொற்கள் நிறைந்த இருபது பக்கங்களில் மட்டும் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. நோய் முந்திக்கொண்டது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஏம்மா இப்படி நெளியறீங்க? பலகையில ஆணி குத்துதா?" என்றார் ஊஷ்டன்.

"கப்பல் போயிடுமோன்னுதான்."

கப்பல் போகுமுன் காற்று வந்துவிட்டது. வடமேற்கிலிருந்து கறுப்பாக ஒரு கோடு எழுந்தது. அது என்ன என்று அவள் பார்ப்பதற்குள் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஓய்ரிக் தகரக் குவளையால் தண்ணீரை இறைத்தாள். இறைத்ததைவிட வந்தது அதிகம்.

"பாரத்தைக் குறை," என்று ஊஷ்டன் கத்தினார். படகிலிருந்த இரண்டு உருளைக்கிழங்கு மூட்டைகள் கடலுக்குப் போயின. படகு கொஞ்சம் நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது.

லாக்லன் பீப்பாயைப் பிடித்தான். அவள் விடவில்லை.

"விடுங்கம்மா. உசுரு இருந்தா வெண்ணெய் கடைஞ்சுக்கலாம்."

"அது வெண்ணெய் இல்ல."

"பின்ன?"

இனி எந்தப் பொய்யும் உதவாது. "அவரோட அகராதி," என்றாள். "அவர் எழுதினது முழுக்க இதுலதான் இருக்கு. வேணும்னா என்னை எடுத்துப் போடுங்க."

லாக்லன் சுட்டதுபோல் கையை எடுத்தான். "கேட்டீங்களா அண்ணே? கறுப்புக் கோட்டுக்காரர் சாமானாம். அதான் காத்து இந்த ஆட்டம் ஆடுது. மொதல்ல அதைத் தொலைங்க."

ஊஷ்டன் "வந்து சுக்கானைப் பிடி," என்று அவனை வரவழைத்துவிட்டு, பலகைகளைத் தாண்டித் தாண்டி அவளிடம் வந்தார். பீப்பாயை ஒரே இழுப்பில் அவள் பிடியிலிருந்து பறித்தார்.

ஓய்ரிக் கண்ணை மூடிக்கொண்டாள். பத்தொன்பது வருடம். கனமான எதுவோ விளிம்பில் உரசிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

கண் திறந்தபோது முன்பக்கம் சுருட்டி வைத்திருந்த புது வலை இல்லை. போன குளிர்காலம் முழுக்க ஊஷ்டன் வீட்டார் முடைந்த வலை. அவர் பீப்பாயைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குப் புத்தி..." என்று ஆரம்பித்த லாக்லன், அவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். படகு தலையைத் தூக்கி அடுத்த அலைமேல் ஏறியது. தூரத்தில் லாக்மாடியில் கப்பலின் புகை இன்னும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஓய்ரிக் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? இதை விரலாலகூடத் தொட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஊஷ்டன் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"கடல் பேச்சு முழுக்க, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினது, நீங்க உக்காந்திருக்கிற அந்தப் பலகையில உக்காந்துதாம்மா."