முந்தானை நுனி

"பொழுது சாஞ்சா பிள்ளைக்குக் கண் தெரியுதா, சோன்மதி?"

ராம்சகி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஜனக்பூர் சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகப் போகிறவள் அவள். பையில் எண்ணெய் அடைத்த விட்டமின் ஏ மாத்திரைகளும் ஒரு சின்னக் கத்திரியும் இருந்தன.

"அவளுக்குத் தெரியாம என்னக்கா. எனக்குத்தான்..."

"உன் கதை அப்புறம். இது பிள்ளைங்க அட்டை. இருட்டினதும் புச்சியா வெளியே விளையாடுறாளா?"

"இல்ல. மாடு திரும்புற நேரத்துக்கு வந்து என் முந்தானையைப் பிடிச்சுக்குவா. அப்புறம் விடமாட்டா."

"தினமுமா?"

"ரெண்டு மாசமா தினமும்தான். மாமியார் அவளை வாலுன்னே கூப்பிடுறாங்க."

ராம்சகியின் பேனா நின்றது. போன வருடம் ஆற்றங்கரை வீட்டுக் குழந்தைக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் மாலைக்கண். பிறகு தட்டம்மை. இப்போது அதற்குப் பகலும் இருட்டு.

அவள் முகத்தைப் பார்த்துச் சோன்மதி ஏழு மாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகக் கூடாதுன்னுதானே நடந்து வந்திருக்கேன். வாயைத் திறடி, புச்சியா ராணி."

மாத்திரையின் முனையை வெட்டி, உள்ளிருந்த எண்ணெயைக் குழந்தையின் நாக்கில் பிழிந்தாள். நாலு வயதுப் புச்சியா முகத்தைச் சுளித்தாள்.

"மீன் நாத்தம்."

"மீனுக்கு மூஞ்சி சுளிக்கிற பொண்ணு மிதிலையில உண்டா? முழுங்கு."

வெளியே மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் இருட்டிவிட்டது. விளக்கேற்றப் போன சோன்மதியை ராம்சகி தடுத்தாள். ஒரு வெல்லத்துண்டைக் குதிருக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

"எடுத்தா உனக்கு."

புச்சியா நேராகப் போய் எடுத்தாள். உற்றுப் பார்த்தாள்.

"எறும்பு." ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

ராம்சகிக்கு மூச்சு வந்தது. "கழுகுக் கண்ணுடி உனக்கு. அப்புறம் எதுக்கு அம்மா பின்னாலேயே சுத்துற?"

புச்சியாவின் வாய் நிறைய வெல்லம்.

அட்டையில் 'குறை இல்லை' என்று எழுதிக்கொண்டு ராம்சகி எழுந்தாள். வழியனுப்பச் சோன்மதியும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

புச்சியா ஓடிவந்தாள். அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்து, முன்னால் நடந்தாள்.

"படி வருதும்மா. காலைத் தூக்கு."