நாலாயிரம் ரூபாய்த் தவளை

பண்பொழிக் குளத்தில் விரால் பிடிக்க அஹ்சன் தூண்டிலில் கட்டி வீசிய ரப்பர் தவளை, நட்டநடுவே தாமரைக் கொடியில் மாட்டிக்கொண்டது. சுண்டி இழுத்தும் வரவில்லை. அவன் சட்டையைக் கழற்றினான்.

பக்கத்தில் தூண்டிலில் மண்புழு கோத்துக்கொண்டிருந்த தங்கப்பழம் அண்ணாச்சி அதைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "இறங்காதடே! சேறு ஆளை முழுங்கிரும்."

"நாலாயிரம் ரூவா அண்ணாச்சி! துபாய்ல வாங்குனது. உங்க புழுவா இது, போனாப் போகுதுன்னு விட?"

"விராலுக்கு என்னலே தெரியும், நாலாயிரமும் நாலணாவும்?" அண்ணாச்சி மடியிலிருந்து அதே மாதிரித் தவளை ஒன்றை, அட்டை பிரிக்காமல் எடுத்து நீட்டினார். "இந்தா, உனக்குன்னே வாங்குனேன். அதை விட்டுரு."

அஹ்சனுக்கு முகமெல்லாம் பல். "அப்ப ரெண்டாச்சு! இதைப் பத்திரமா வையுங்க, அதையும் எடுத்துட்டு வாரேன்."

இறங்கினான். இடுப்பு முங்கியது, கழுத்து முங்கியது, பிறகு தலையும் முங்கியது.

அண்ணாச்சி கூச்சல் போடவில்லை. போன வருஷம் அவன் இறங்கியபோதே தொண்டை கிழியக் கத்தியாயிற்று. தீயணைப்புக்காரர்கள் உடலை எடுத்துக் கொடுத்து, மறுநாள் மையவாடியில் அடக்கமும் ஆயிற்று.

நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துவிடுவான். இன்னும் விலை கூடினதாக ஒன்று வாங்கிப் பார்க்க வேண்டும்.