மேலே போன கோடு

எண்ணெய்ப்பனைத் தோட்டம் முடிந்து மழைக்காடு தொடங்கும் இடத்தில், மரங்களுக்கு மேலே எழும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஜெனவீவ் நிற்கிறாள். இந்தக் காடு எவ்வளவு கரியமில வாயுவை விடுகிறது, எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்று சிரம்பான் அலுவலகக் கணினியில் பல வருடமாகக் கணக்குப் போடுகிறவள். மேலே ஏறியிருப்பது இன்றுதான். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சத்தியசீலன் திரையை அவள் பக்கம் திருப்புகிறான். "மெஷின் பக்கம் மூச்சு விடாதீங்கக்கா. அதையும் சேத்து எழுதிடும்லா." இரவெல்லாம் காடு விட்ட மூச்சு பனிமூட்டத்தோடு இலைகளுக்கிடையே தேங்கிக் கிடக்கிறது, வாயுவின் அளவைக் காட்டும் கோடு உச்சத்திலேயே நிற்கிறது. வெயில் பட்டதும் இலைகள் வாயுவை எடுத்துக்கொள்ளத் தொடங்கும், கோடு இறங்கும் என்கிறது அவள் கணக்கு. இறங்காவிட்டால் அத்தனை வருடமும் வீண். கிழக்கே பகாவ் ஊர்ப் பக்கம் வானம் வெளுக்கிறது. உயரமான ஒரு மரத்தின் தலை சிவக்கிறது, பிறகு அடுத்தது, பிறகு கண்ணுக்கெட்டிய வரை காடு முழுவதும். கோடு மெல்ல வளைந்து இறங்குகிறது. "இயேசுவே!" அடக்கிவைத்திருந்த மூச்சு அவளையறியாமல் வெளியே வந்துவிடுகிறது. கோடு விருட்டென்று மேலே குத்துகிறது. "போச்சு, அது உங்க மூச்சு," என்று சத்தியசீலன் சிரிக்கிறான். ஜெனவீவ் கண்ணிமைக்காமல் பார்க்கிறாள். அந்தக் கூர்முனை தணிந்து, காட்டின் கோட்டோடு கலந்து இறங்கிப் போகிறது. "எடுத்துக்கிச்சு சீலா," என்கிறாள். "என்னோடதையும் எடுத்துக்கிச்சு."