கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கடைத்தெருவில் விடலைப் பிள்ளைகள் கூட்டமாய் வந்து கண்ணாடிகளை உடைத்த பிறகு நகராட்சி ஓர் உத்தரவு போட்டது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் அம்மா அல்லது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். நுழைவாயிலில் கயிறு கட்டி, போலீஸ்காரியான என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். பிள்ளைகள் வழியில் போகிற யாரையாவது அம்மாவாக்கிக்கொண்டு வருவார்கள். கயிற்றைத் தாண்டிப் பத்தடி போனதும் கையை உதறிவிட்டு ஓடுவார்கள். நானும் கண்டுகொள்வதில்லை.

நேற்று என் மகள் நேத்ரா வந்தாள். சாலையைக் கடக்கும்போதுகூட எனக்குக் கை தராதவள், செல்போன் உறை விற்கிற ஸ்டெல்லாவோடு விரல் கோத்து நின்றாள்.

"இது யாருடி?" என்றேன்.

"எங்கம்மா, மேடம்."

"ஆமா மேடம், எம் பொண்ணுதான்" என்ற ஸ்டெல்லா, துப்பட்டாவால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். நேத்ரா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பின்னால் வரிசை நீண்டது. கயிற்றைத் தூக்கினேன்.

பத்தடி ஆயிற்று. வளையல் கடையும் தாண்டியாயிற்று. தெருமுனையில் அவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கையை விடவில்லை.